ரீல் தூண்டிலுக்கு எத்தனை பவுண்டு நரம்பு?

பண்ணைக் குட்டையில் கெண்டை வளர்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை பட்டணத்திலிருந்து மருமகன் வருகிறார். கையில் புது ரீல் தூண்டில். புண்ணாக்கு உருண்டையை முள்ளில் பிடித்து வீசிவிட்டுக் கரையில் உட்காருகிறார். அரை மணியில் தக்கை அமிழ்கிறது. கோல் வில்லாக வளைகிறது. பிள்ளைகள் "பெரிசு, பெரிசு" என்று கூச்சல் போடுகிறார்கள். பிறகு 'பட்' என்று ஒரு சத்தம். நரம்பு அறுந்து விடுகிறது. "தப்பிச்சுப் போச்சு மாமா" என்று சிரித்துக்கொண்டே மருமகன் ஊர் திரும்புகிறார்.

மூன்றாம் நாள் காலையில் நாலு கிலோ கட்லா ஒன்று வயிறு மேலாக மிதக்கிறது. வாயில் முள், முள்ளோடு பத்து கஜம் நரம்பு. அந்த நரம்பு, திருட்டு வலைக்குப் பயந்து குட்டைக்குள் போட்டு வைத்த முள் கட்டையில் சுற்றிக் கிடக்கிறது. தப்பித்ததாக நினைத்த மீன் உண்மையில் கட்டையில் கட்டுண்டு கிடந்து செத்திருக்கிறது. விதை மீனுக்காக விட்டு வைத்த தாய் மீனாக இருந்தால் நட்டம் இன்னும் பெரிது.

"அடுத்த வாட்டி நல்ல தடிச்ச நரம்பா வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளை" என்பதுதான் இதற்கு மாமனார் வழக்கமாகச் சொல்லும் பரிகாரம். மாப்பிள்ளையும் முப்பது பவுண்டு நரம்போடு வருகிறார். அந்த நரம்பு சின்ன ரீலில் படியாமல் கம்பிச் சுருள் போல் எகிறுகிறது. வீசினால் இருபது அடி போகிறது. மீன் கடித்தால் நரம்பு அறுவதில்லை. மீனின் உதடு கிழிகிறது, அல்லது கோலின் நுனி முறிகிறது. ஆக, நரம்பு மெலிந்திருந்தாலும் நட்டம், தடித்திருந்தாலும் நட்டம். ரீல், மீன், நீர்நிலை மூன்றையும் பார்த்துத்தான் நரம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது கடினமான காரியமல்ல.

பவுண்டுக் கணக்கு

நரம்புச் சுருளின் மேல் 6, 8, 10, 12 என்று பவுண்டிலோ கிலோவிலோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். பக்கத்தில் 0.25 மி.மீ., 0.30 மி.மீ. என்று தடிமனும் இருக்கும். பவுண்டு எண் என்பது, நரம்பை நேராகப் பிடித்து மெதுவாக இழுத்தால் எவ்வளவு பாரம் வரை தாங்கும் என்பதைக் காட்டுவது. ஒரு பவுண்டு 454 கிராம். எனவே 6 பவுண்டு நரம்பு 2.7 கிலோவும், 8 பவுண்டு 3.6 கிலோவும், 10 பவுண்டு 4.5 கிலோவும், 12 பவுண்டு 5.4 கிலோவும், 20 பவுண்டு சுமார் 9 கிலோவும் தாங்க வேண்டும்.

ஒரே பவுண்டு எண் போட்ட இரண்டு கம்பெனி நரம்புகளின் தடிமன் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. அதனால் எண்ணோடு தடிமனையும் பார்த்து வாங்க வேண்டும். நைலான் நரம்பில் 0.25 மி.மீ. தடிமன் ஏறக்குறைய 8 பவுண்டுக்கும், 0.30 மி.மீ. ஏறக்குறைய 10 பவுண்டுக்கும் வரும். தடிமன் இரண்டு மடங்கானால் பலம் இரண்டு மடங்காவதில்லை, ஏறத்தாழ நாலு மடங்காகிறது. 0.20 மி.மீ. நரம்பு கண்ணுக்கு 0.25 போலவே தெரிந்தாலும், பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. எண்ணும் தடிமனும் அச்சிடாத உதிரிச் சுருளை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காமல் இருப்பதே நல்லது.

நைலானுக்கு இன்னொரு குணம், அது தண்ணீரைக் குடிக்கும். ஊறிய நரம்பின் பலம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்து விடலாம். கடையில் கையால் இழுத்துப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் இதை மறந்து விடுகிறார்கள்.

மீனின் எடை வேறு, இழுப்பு வேறு

நாலு கிலோ மீனுக்கு நாலு கிலோ நரம்பு, எட்டுக் கிலோ மீனுக்கு எட்டுக் கிலோ நரம்பு என்பது கடைத்தெருக் கணக்கு. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு ஏறக்குறைய எடையே கிடையாது. அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பை அதைத் தாங்கிக் கொள்கிறது. நரம்பின் மேல் விழுவது மீனின் வாலடி இழுப்புத்தான். அந்த இழுப்பு மெதுவாக வந்தால் 8 பவுண்டு நரம்பில் ஐந்து கிலோ கட்லாவைக் கரை சேர்க்கலாம். வெடுக்கென்று வந்தால் ஒன்றரைக் கிலோ ரோகுவே அதே நரம்பை அறுத்து விடும். நூலில் கட்டிய கல்லை மெல்லத் தூக்குவதற்கும், ஓரடி உயரத்திலிருந்து விட்டுத் தாங்குவதற்கும் உள்ள வித்தியாசந்தான் இது.

வெடுக்கிழுப்பைத் தாங்கும் உபாயங்கள் மூன்று. வளையும் கோல் ஒன்று. நரம்பின் இழுபடும் தன்மை இன்னொன்று. நைலான் அறுவதற்கு முன் அதன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை, சில வகைகளில் அதற்கு மேலும் நீளும். முப்பது மீட்டர் நரம்பு வெளியே இருக்கும்போது இந்த நெகிழ்ச்சி தாராளமாக உண்டு. மீன் கரைக்கு அருகே வந்து இரண்டு மீட்டர் நரம்பே மிஞ்சும்போது நெகிழ்ச்சிக்கு இடமில்லை. நரம்பு கரையோரத்தில் வந்து அறுவதற்கு இதுதான் பெருங்காரணம். போதாக்குறைக்கு, ஆவலில் மீனை நரம்போடு அப்படியே தூக்கி விடுகிறார்கள். தண்ணீரை விட்டு மேலே வந்த அந்தக் கணத்தில் மீனின் முழு எடையும் நரம்பில் விழுகிறது. நீளக் காம்புள்ள கைவலை ஒன்றைக் கரையில் வைத்துக்கொண்டு மீனை அதில் அள்ளியெடுத்தால் இந்தக் கவலையில்லை.

மூன்றாவது, ரீலில் உள்ள 'டிராக்' என்னும் இழுவைத் திருகு. இதைப் புரிந்து கொண்டால் நரம்பின் பலத்தைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. மாட்டு வண்டி இறக்கத்தில் இறங்கும்போது கட்டை போட்டுப் பிடிப்பது போன்ற வேலைதான். மீன் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இழுத்தால் ரீல் தானே நரம்பை விட்டுக் கொடுக்கும். இந்தத் திருகை நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்குக்கு வைக்க வேண்டும்; நல்ல பழக்கம் உள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்கு வரை வைக்கலாம். 10 பவுண்டு நரம்பானால் ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ இழுப்பிலேயே நரம்பு நழுவத் தொடங்க வேண்டும்.

"இவ்வளவு தளர்வாகவா?" என்று தோன்றும். நரம்பு நேராக ஓடவில்லை. வளைந்த கோலின் வளையங்கள் வழியாக உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்த உரசலும் பாரத்தைக் கூட்டுகிறது. மேலும், மீன் ஓடி ஓடி ஸ்பூலில் சுருள் குறையும்போது திருகை யாரும் தொடாமலே பிடி இறுகிக்கொண்டு போகும். முதலிலேயே இறுக்கி வைத்தவர் நரம்பு அந்த நேரத்தில்தான் அறும்.

அளவு வைக்க வீட்டுக் கொக்கித் தராசே போதும். ஸ்பிரிங் வைத்த கொக்கித் தராசில் நரம்பின் நுனியைக் கட்டி, நரம்பைக் கோலின் வளையங்கள் வழியாகவே விட்டு, ஒருவர் கோலைச் சாய்வாகப் பிடித்துக் கொள்ள, மற்றவர் தராசை இழுக்க வேண்டும். முள் ஒரு கிலோவைத் தாண்டும்போது ரீல் நரம்பை விடும்படி திருகைச் சரிசெய்து கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. மாதக் கணக்கில் ரீல் சும்மா கிடக்கும்போது திருகைத் தளர்த்தியே வைக்க வேண்டும். இறுக்கி வைத்தால் உள்ளே உள்ள வட்டுகள் ஒட்டிக்கொண்டு, தேவைப்படும் நேரத்தில் நழுவாது.

மீன் ஓடும்போது பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றுகிறவர்கள் உண்டு. திருகு நழுவிக் கொண்டிருக்கையில் சுற்றினால் நரம்பு உள்ளே வராது, முறுக்குத்தான் ஏறும். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஐந்து சுற்றுச் சுற்றும் ரீலில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து முறுக்கு ஏறிவிடும்.

ரீலில் எவ்வளவு கொள்ளும்?

இந்த ரீலுக்கும் நூற்பாலைக்கும் உறவு உண்டு என்பது கோவை, திருப்பூர் வட்டாரத்து வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். இங்கிலாந்தில் கம்பளித் தொழிலில் இருந்த இல்லிங்வொர்த் என்பவர் 1905-ல் இதன் முன்னோடி ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். பாபின் அசையாமல் நிற்க, நூல் அதன் தலைப்பக்கமாகக் கழன்று ஓடுகிற அதே முறைதான். ஸ்பூல் சுழல வேண்டியதில்லை என்பதால் எடை குறைந்த இரையையும் எளிதாக வீசலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நரம்பு மெல்லியதாகவும் துவளக் கூடியதாகவும் இருந்தால்தான் தலைப்பக்கமாகச் சுகமாகக் கழன்று வரும். தடித்த நரம்பு அந்தச் சின்ன ஸ்பூலின் வட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு, வளையம் வளையமாகவே எகிறும். அன்றைக்கு மெல்லிய பட்டு நூல்தான் கிடைத்தது. அமெரிக்காவில் 1938-ல் நைலான் அறிவிக்கப்பட்டு, நைலான் இழை தூண்டிலுக்கு வந்த பிறகே இந்த ரீல் சாதாரண மக்கள் கைக்குப் போயிற்று.

கம்பெனிகள் ரீலுக்கு 1000, 2500, 4000 என்று எண் கொடுக்கின்றன. 1000 எண் ரீலுக்கு 4 முதல் 6 பவுண்டு, 2500-க்கு 6 முதல் 10 பவுண்டு, 4000-க்கு 10 முதல் 14 பவுண்டு நைலான் பொருந்தும். குட்டைக்கும் ஏரிக்கும் ஒரே ரீல்தான் வாங்க முடியும் என்றால் 2500 போதும்.

ஸ்பூலின் விளிம்பில் 0.30–200 என்பது போல் எழுதியிருக்கும். 0.30 மி.மீ. நரம்பு 200 மீட்டர் கொள்ளும் என்று பொருள். வேறு தடிமன் சுற்ற வேண்டுமானால் கணக்கு எளிது: நீளத்தைத் தடிமனின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும் தொகை மாறாது. அதே ஸ்பூலில் 0.40 மி.மீ. நரம்பு சுமார் 112 மீட்டரே கொள்ளும், 0.25 மி.மீ. என்றால் 288 மீட்டர். பண்ணைக் குட்டைக்கு நூறு மீட்டர் தாராளம். ஆனால் ஸ்பூலைப் பாதியாக விடக் கூடாது; நரம்பு விளிம்பில் இடித்து வீச்சு குறையும். அடியில் பழைய நூலைச் சுற்றி மேலே புது நரம்பை ஏற்றி, விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே வரும்படி நிரப்ப வேண்டும். வழிய வழியச் சுற்றினால் முதல் வீச்சிலேயே கொத்தாகக் கழன்று சிக்கு விழும்.

எந்த நீருக்கு எது?

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து வளர்க்கும் சுத்தமான குட்டையில், மீன்கள் ஒன்றரைக் கிலோவுக்கு உட்பட்டவையாக இருந்தால் 6 அல்லது 8 பவுண்டு போதும். மூன்று, நாலு கிலோ மீன்கள் கலந்திருந்தால் 10 பவுண்டு. அதற்கு மேல் போக வேண்டிய தேவை மீனால் வருவதில்லை, நீருக்குள் கிடக்கும் முள்ளாலும் கட்டையாலும் வருகிறது. கருவேல் நடப்பட்ட ஏரிகளில் மரத்தை வெட்டிய பிறகும் முண்டுகள் நீருக்கடியில் நிற்கும். அங்கே மீனை ஓட விட முடியாது. ஓடினால் முண்டைச் சுற்றி விடும். 12 முதல் 15 பவுண்டு வைத்து, திருகைச் சற்று இறுக்கி, தொடக்கத்திலேயே மீனைத் திருப்ப வேண்டும். முள் கட்டை போட்ட குட்டைக்காரர்கள், தூண்டில் போடுவதற்கென்று ஒரு பக்கத்தை மட்டும் கட்டையில்லாமல் விட்டு வைப்பது நல்ல ஏற்பாடு.

சாதாக் கெண்டை இருக்கும் குட்டையில் இன்னொரு எச்சரிக்கை. அதன் முதுகுத் துடுப்பின் முன்முள் ரம்பம் போல் பல் வைத்தது. மீன் புரளும்போது நரம்பு அதில் உரசினால் போதும். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் இந்த ரம்பம் கிடையாது. சாதாக் கெண்டையைப் பிடித்த பிறகு கடைசி இரண்டு முழம் நரம்பை விரல்களுக்கிடையே உருவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டியெறிந்து விட்டுப் புதிதாக முள் கட்ட வேண்டும்.

ஜிலேபிக் கெண்டைக்கு 4 பவுண்டு போதும். தாமரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய ஏரியில் தவளை காட்டி விரால் பிடிப்பது வேறு சங்கதி. விரால் இரையைக் கவ்வியதும் தண்டுக்குள் புகுந்து விடும். மீனோடு ஒரு கொத்துத் தாமரைத் தண்டையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் 20, 30 பவுண்டு கூட மிகையல்ல. இங்கேதான் பாலிஎதிலின் பின்னல் நூலுக்கு வேலை. 30 பவுண்டு பின்னல் நூல், 8 பவுண்டு நைலான் அளவுக்குத்தான் தடிமன் இருக்கும். எனவே 2500 ரீலிலும் ஏறும். ஆனால் அது நீளாது. நீளாத நூலில் குட்டைக் கெண்டையைப் பிடித்தால் வெடுக்கிழுப்பு முழுவதும் மீனின் மெல்லிய உதட்டில் விழும். கையில் சுற்றி இழுத்தால் விரலை அறுக்கும். பின்னல் நூலை விராலுக்கு மட்டும் வைத்துக் கொண்டு, கெண்டைக்கு நைலானையே வைப்பதுதான் சரி.

நம் ஏரிகளில் ரகம் பிரித்துத் தூண்டில் போடுவது இன்று நேற்று வந்ததல்ல. சென்னை மாகாண சிவில் சர்வீசில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய ஏரிகளில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே 1887-ல் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஏரியானாலும் கண்மாயானாலும் மீன் பாசி குத்தகை எடுத்தவரின் அனுமதி பெற்றே தூண்டில் போட வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அறுவது முடிச்சில்தான்

எவ்வளவு பார்த்து வாங்கினாலும் நரம்பு பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை, முடிச்சில் அறும். சாதாரண ஒற்றை முடிச்சு ஒன்று விழுந்தாலே நைலானின் பலம் பாதியாகிறது. 10 பவுண்டு வாங்கியவர் 5 பவுண்டில் மீன் பிடித்துக் கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். வீசும்போது காற்றில் தானே விழும் சிறு முடிச்சுகளுக்கும் இதே கணக்கு. அதைக் கண்டால் அந்த இடத்தில் வெட்டி விட வேண்டும்.

நல்ல முடிச்சு ஒன்று கற்றுக்கொண்டால் ஆயுளுக்கும் போதும். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, நுனியைத் தாய் நரம்பைச் சுற்றி ஐந்து முறை முறுக்க வேண்டும். பிறகு நுனியைக் காதுக்கு அருகிலுள்ள சிறிய கண்ணியில் நுழைத்து, அப்போது உண்டாகும் பெரிய கண்ணியிலும் நுழைக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் முடிச்சை நனைத்துக் கொள்வது அவசியம். உலர்ந்த நைலான் உரசிச் சூடேறிப் பலமிழக்கும். நனைத்து, நிதானமாக இழுத்து, சுற்றுகள் ஒன்றையொன்று ஏறாமல் வரிசையாகப் படியும்படி இறுக்க வேண்டும். இப்படிப் போட்டால் நரம்பின் பலத்தில் பெரும் பகுதி முடிச்சிலும் நிற்கும்.

முடிச்சு தேறியதா என்று பார்க்க ஒரு பக்கெட் போதும். நரம்பை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சாவி வளையம் ஒன்றில் மேற்சொன்ன முடிச்சைப் போட வேண்டும். (முள்ளில் போட்டுச் சோதித்தால் அறும்போது முள் கண்ணில் பாயக் கூடும்.) வளையத்தைப் பக்கெட் பிடியில் கயிறு கொண்டு மாட்டி, நரம்பின் மறுமுனையை முடிச்சுப் போடாமல் ஒரு தடித்த கழியில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பக்கெட்டைத் தரையிலிருந்து நாலு விரல் உயரம் மெதுவாகத் தூக்க வேண்டும். லிட்டர் லிட்டராகத் தண்ணீர் சேர்க்கலாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. பக்கெட்டின் எடையையும் கூட்டிக் கொள்ள வேண்டும். 10 பவுண்டு நரம்பு மூன்றரை, நாலு கிலோ வரை தாங்கினால் முடிச்சு நல்ல முடிச்சு. இரண்டு கிலோவில் அறுந்தால் நரம்பைக் குறை சொல்லுமுன் முடிச்சை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கட்லா செத்து மிதந்ததற்கு வருவோம். அதைக் கொன்றது முள் மட்டுமல்ல. முள்ளோடு போன பத்து கஜம் நரம்பு. இதைத் தவிர்க்க எளிய வழி, முள் கட்டும் கடைசி ஒரு அடியை மட்டும் ஒரு படி பலம் குறைந்த நரம்பில் வைப்பது. ரீலில் 10 பவுண்டு என்றால் நுனியில் 8 பவுண்டு. இரண்டையும் சிறு சுழலி வளையத்தால் இணைக்க வேண்டும். அறுந்தால் அந்த ஓரடிக்குள்தான் அறும். தக்கையும் ஈயமும் கைக்கு வந்து விடும். மீன் எதிலும் கட்டுண்ணாமல் திரியும். முள்ளின் எதிர்க்கொம்பைக் குறட்டால் நசுக்கி விட்டால் நாளடைவில் முள்ளும் கழன்று விழ வாய்ப்புண்டு. கொல்கத்தா பக்கத்தில் குளத்துக்காரர்கள் நாள் கட்டணம் வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடுவது பழைய வழக்கம். இங்கும் அப்படி விட நினைக்கிறவர்கள், வருகிறவரின் நுனி நரம்பையும் இழுவைத் திருகையும் பார்த்து விட்டே கரையில் உட்கார விடுவது நல்லது. மருமகனானாலும் சரிதான்.

நரம்பைக் காப்பது

வெயில் நைலானுக்கு ஆகாது. ரீலை மோட்டார் கொட்டகை ஜன்னலில் மாட்டி வைக்காமல் துணிப்பையில் போட்டு நிழலில் வைக்க வேண்டும். பேட்டரி அமிலம் பட்டால் நைலான் கரைந்தே போகும். டிராக்டர் பேட்டரி இருக்கும் அலமாரி அதற்கு இடமல்ல. வெட்டியெறியும் துண்டுகளைக் கரையில் போடவே கூடாது. நாரையும் கொக்கும் காலில் சுற்றிக்கொண்டு சாகின்றன. மாடு புல்லோடு சேர்த்து விழுங்கினால் வயிற்றில் தங்கிவிடும். மட்கும் பொருளல்ல. ஒரு டப்பாவில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும்.

அடிக்கடி தூண்டில் போடுகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை நரம்பை மாற்ற வேண்டும். அதற்காக முழுச் சுருளும் வாங்க வேண்டியதில்லை. குட்டையில் வீசுவது முப்பது, நாற்பது மீட்டர்தான். ஸ்பூலின் அடிப்பாதி வெயிலையோ தண்ணீரையோ பார்த்திருக்காது. நரம்பை இரண்டு தென்னை மரங்களுக்கிடையே ஓட்டிக் கழற்றி, தேய்ந்த முனை அடியிலும் புதிய முனை மேலேயும் வரும்படி திருப்பிச் சுற்றிக் கொண்டால் இன்னும் ஓராண்டுக்கு ஓடும்.